பதினோராம் நிமிடத்துச் சவம்

மேலப்பாளையம் சந்தை முக்கில்
மீரான் கனியின் ரிப்பேர் கடை.
குடல் உருவிப் போட்ட மிக்சிகளுக்கு மேலே
நாற்பத்து மூன்று இஞ்சுத் திரை.
"அண்ணாச்சி, ஒங்க நாடகம் எச்.டி. டிஸ்க்கா வந்திருக்கு.
எண்ணூறு ரூவா.
தேறுமான்னு பாத்துச் சொல்லுங்க."

என் நாடகம் என்றால்
பதிமூன்று வாரத்தில் ஒரு வாரம்.
அந்த வாரத்தில் பதினோராம் நிமிடம்.
திருப்புடைமருதூர் ஆற்று மணலில்
முங்கிச் செத்தவனாக மல்லாந்து கிடந்தேன்.
மின்வாரியத்தில் அப்போது தினக்கூலி;
லீவு சொல்லிவிட்டுப் போய்ச் செத்தேன்.
எழுபத்தைந்து ரூபாயும்
ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சோறும்.

முதலில் பழைய கேசட்டைப் போட்டான்,
கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பிய ஆண்டெனாவில்
அவன் மாமா பதிந்தது.
ஆறு ஒரு சாம்பல் துணி.
மருதமரம் ஒரு கரிக் கறை.
நடுவில் நான், வெளுத்த மூட்டையாக.
யாருக்கும் சந்தேகம் வராத சாவு.

அப்புறம் புதுசு.

மணல் பருக்கை பருக்கையாக வந்தது.
மருதங்கிளையில் நாரை எச்சம்
சுண்ணாம்பு போல் தெரிந்தது.
இன்ஸ்பெக்டர் மீசையின் இடது ஓரம்
பசை விட்டுத் தூக்கியிருந்தது.
அக்கரையில் பாவாடை அலசுகிற ஒருத்தி
கேமராவைப் பார்த்துவிட்டாள், சிரிக்கிறாள்,
பிணத்துக்கு அந்தப் பக்கம்
அப்படியொரு சிரிப்பு இருந்தது
இத்தனை நாள் எனக்கே தெரியாது.

என் மணிக்கட்டில் வாட்ச் கழற்றிய வெள்ளைத் தடம்.
காதோரம் ஒரு கட்டெறும்பு.
கழுத்தெலும்புக்குக் கீழே
பைய மேலேறி
பைய இறங்குகிறது தோல்.

நாற்பது எண்ணும்வரை மூச்சடக்கு என்றார்கள்.
இருபத்தெட்டில் விட்டேன்.
விட்டது எனக்கும் எறும்புக்கும் மட்டும்தான் தெரியும் என்று
முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டேன்.

கனி சிரிக்கவில்லை. டிவிக்காரன் முகம் அவனுக்கு.
"வெளிய எடுத்தது பூரா பிலிமு, அண்ணாச்சி.
உள்ள கெடந்தது வருது.
வீட்டுக்குள்ள எடுத்தது டேப்பு.
அதுல இல்லாதத மெசினு தானா ரோசிச்சுப் போடுது.
இப்ப பாருங்க."

வீட்டுக்குள் என் தாயாக அழுகிறாள்
சேரன்மகாதேவி ஆவுடைத்தங்கம்.
ராத்திரி நாடகத்தில் தொண்டை பழுத்தவள்,
கிளிசரின் குப்பியை வேண்டாமென்று தள்ளியவள்.
புது டிஸ்க்கில் அவள் முகம்
நாலு நாள் தேய்ந்த சோப்புக் கட்டி.
சுருக்கம் இல்லை. மூக்குத்தி ஒரு கொழகொழப்பு.
புள்ளியெல்லாம் தூசு என்று வழித்திருக்கிறார்கள்;
கண்ணீரும் புள்ளிதானே.

கேசட்டைத் திரும்பப் போடச் சொன்னேன்.
கோடும் இரைச்சலுமாக ஓடுகிற படத்தில்
கன்னத்தில் ஏதோ மினுங்கி
நாடியில் நின்று
சொட்டியது.

"அப்ப வாங்கலாமா, வேண்டாமா?"

ஆற்றுக்காக வாங்கலாம், கனி.
அக்கரைக்காரிக்காகக் கட்டாயம் வாங்கலாம்,
அவள் மகன் எவனாவது இந்தக் கடைக்கு
மிக்சி தூக்கி வருவான்.
ஆவுடைத்தங்கத்துக்குக் கேசட்டை எறியாதே,
பூஞ்சை துடைத்து வை.
விலையை அறுநூறாக்கச் சொல்,
பாதிதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

"ஒங்களுக்கு?"

எனக்கென்ன.
சவத்தை விடு என்றேன்.
வாயிலிருந்து விழுந்த பிறகுதான்
என்ன சொன்னேன் என்று உறைத்தது.
அவன் அதற்குச் சிரித்தான்.

திரும்பவும் பதினோராம் நிமிடம்.
ஏறுகிறது, இறங்குகிறது.
வாசலில் யாரோ கிரைண்டரோடு வந்து நிற்க
கனி ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டு எழுந்தான்.

அப்போதுதான்
ஒழுங்காகச் செத்திருந்தேன்.